ஒரு சுற்று கூடுதல்

9 ஜூன், திங்கள்

முட்டத்தில் பேய்க்காற்று. கொடியில் போட்ட வேட்டி இந்நேரம் கொழும்பு சேர்ந்திருக்கும்.

பெங்களூரிலிருந்து ஜெனி. அக்கா மகள், ஆராய்ச்சிக்காரி. இன்று மட்டும் மூன்று அழைப்பு. போன மாதம் முழுக்க ஒன்று.

"மாமா, ஒங்க புரோகிராம் போடுத கிராஃப் நடுவுல குதிக்குது. எனக்க வளையம் தப்பா?"

அவள் செய்த பலகையில் பொடிப்பொடியாகச் செம்பு வளையங்கள், ஒன்றுபோல் வரிசையாக. அவள் அனுப்பும் நுண்ணலைக்கு வளையம் தனித்தனியாகத் தெரியாது; மொத்தமும் ஒரே பொருள். அதன் ஒளிவிலகல் எண் வேண்டும். திரும்பி வந்த அலையையும் கடந்து போன அலையையும் வைத்துக் கணக்கிடுவது என் புரோகிராம். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் உலகுக்கு அளித்த அருங்கொடை. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டின் அத்தியாயம் கொடுக்க வேண்டுமாம்.

"மாமன் இறங்கிட்டேன் மக்கா. இனி அண்டசராசரமும் நடுங்கும்."

10, செவ்வாய்

காலை பத்து மணிக்கே பிழை சிக்கியது. குற்றவாளி என் புரோகிராம். ஐந்து அடுக்குப் பலகைக்குள் அலை எத்தனை முழுச்சுற்று (ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்தால் ஒன்று) சுற்றியது என்பது வெளியே வரும் எண்ணில் தெரியாது. பாதியில் ஒரு சுற்றைக் கூடுதலாக எண்ணியிருக்கிறது. ஓர் அடுக்குக்குத் தனியே, இரண்டு அடுக்குக்குத் தனியே போட்டு, இரண்டிலும் ஒத்துவரும் விடையைப் பிடித்தால் போதும். வளையத்தில் குற்றமே இல்லை.

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். சொன்னால் அழைப்பு நின்றுவிடும்.

மாலை அவளே. "கண்டுபிடிச்சியளா மாமா?"

"அரபிக்கடல அடிவரைக்கும் கலக்கிக்கிட்டிருக்கேன் மக்கா."

நாற்பது நிமிடம். அதில் கணக்கு பத்து. மீதி ஹாஸ்டல் சாம்பார்.

11, புதன்

மீன்காரி பிலோமி: "சாரே, ஒத்த ஆளுக்கு அரக்கிலோ நெத்திலியா?"

"ராஜாக்கள் விருந்துக்கு வாறாவ, பிலோமி."

"வந்தா எனக்கும் காட்டும்."

வாங்க வேண்டியவை: புளி, பல்ப், போன் சார்ஜர் (அவள் பேசும்போது செத்துவிட்டால்?).

கணினியில் வரைவது ஒரே ஒரு வளையம். நாலு பக்கமும் இதேபோல் முடிவில்லாமல் உண்டு என்று எழுதிக் கொடுத்தால் அது நம்பிவிடும். இந்த வீட்டுக்கும் எவனாவது எழுதிக் கொடுத்தால் தேவலை.

இரண்டு அழைப்பு. சொல்லவில்லை.

12, வியாழன்

மதியம். அழுகிறாள்.

"வளையந்தான் தப்புன்னு கைடுகிட்ட சொல்லிட்டேன் மாமா. அந்த அத்தியாயத்தையே எடுத்துரச் சொல்லிட்டாரு. ரெண்டு வருசம் போச்சு."

எல்லாம் சொன்னேன். கூடுதல் சுற்று, இரண்டு அடுக்கு, செவ்வாய் காலை பத்து மணி.

"செவ்வாயே தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

சார்ஜர் சரியில்லை என்றேன். அண்டசராசரத்தை நடுங்கவைப்பவனுக்கு அகப்பட்ட பொய் அதுதான்.

வைத்துவிட்டாள். திருத்திய புரோகிராமை உடனே அனுப்பினேன்.

13, வெள்ளி

மழை. 4.10க்கு வாட்ஸ்அப்: "கைடு சரின்னுட்டாரு. அத்தியாயம் குடுத்தாச்சு. கிராஃப் குதிக்கல."

மாமா என்ற சொல் இல்லை. மேலே தேடினேன், கீழே தேடினேன்.

14, சனி

வெயில். புது சார்ஜர் வந்தது. நன்றாக வேலை செய்கிறது.

நெத்திலி கால் கிலோ. பிலோமி ஒன்றும் கேட்கவில்லை.

புரோகிராமை முதல் வரியிலிருந்து மூன்று முறை பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.