தண்ணீர் உதடுவரை வந்துவிட்டது

ஏங்க,

யாழினி பக்கத்து வீட்டு நோர்மா அக்காகிட்ட இருக்கா. பிறை ஃபேக்டரியிலேர்ந்து வந்ததும் கூட்டிக்கோங்க. அவளோட வலிப்பு மருந்து ஐஸ்பெட்டி மேல இருக்கு, எட்டு மணிக்குக் குடுங்க. சோறும் ரசமும் அடுப்பு மேல.

காலையில அவளைத் தொட்டியில உட்கார வச்சு, பைப்பைத் திறந்துவிட்டுட்டு அப்படியே தூங்கிட்டேங்க. முழிச்சுப் பார்த்தா தண்ணி அவ உதடுவரைக்கும் வந்திருந்துச்சு. தானா எழுந்திரிக்க முடியாத புள்ள. என்னைப் பார்த்துச் சிரிக்கிறா.

"வீட்லதானே இருக்கே, அப்படி என்ன டயர்டு லா?"ன்னு நேத்துக் கேட்டீங்க. சிம்பாங் அம்பாட்டுக்கு, எங்க அக்கா வீட்டுக்குத் தூங்கப் போறேன். நாளைக்கு வந்துடுவேன். கோபத்துல போகல. என்னை நினைச்சு எனக்கே பயமா இருக்கு.

ரூபினி

இன்னிக்கு அவளைக் குளிப்பாட்டாதீங்க, ஈரத்துணியால துடைச்சுவிட்டாப் போதும். நீங்களும் பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டுத்தானே வர்றீங்க.