இவர் கோட்டுக்கு ஒரு துப்பாக்கி

ஆகஸ்ட் 8, 1978, செவ்வாய்

மழை விடவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி இவருடைய கம்பளிக் கோட்டைக் காயப்போட்டேன். வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாசனை.

ஊட்டியிலிருந்து லைசென்ஸ் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் முத்திரையோடு. இனி எங்கள் வீட்டுக்காரர் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்மஸ் கோழியை நான் அறுக்கும்போது கொல்லைப்புறம் போய் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷன்!

எல்லாம் எஸ்டேட் மேனேஜர் துரையின் யோசனை. மே மாதம் எமரால்டு பக்கத்தில் ஒரு எஸ்டேட்டின் சம்பள ஜீப்பை வளைவில் மறித்து, கேஷியரின் கையை முறித்துவிட்டுப் பணத்தைக் கொண்டுபோனார்கள். இவரும் கேஷியர். மாதாமாதம் குன்னூர் பேங்கிலிருந்து எஸ்டேட் சம்பளத்தைக் கொண்டுவருகிறவர். துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் வெளியே தெரியக்கூடாது என்று துரை சொல்லிவிட்டார். முடியாதென்றால் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு மாற்றம். பதினான்கு வருஷம் உட்கார்ந்த நாற்காலி.

"தபி, நான் வச்சிருக்கறது யாருக்கும் தெரியக்கூடாதாம். எனக்கே தெரியாம இருந்தா இன்னும் நல்லது" என்கிறார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

சம்பள நாள். வந்து சேர்ந்தார். ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 12, சனி

கோயம்புத்தூர் போய்வந்தோம். துப்பாக்கிக் கடைக்கு. கோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ரவிக்கைக்கு அளவு பார்க்காமல் துணி எடுப்பவள் அல்ல நான்.

கடைக்காரர் பச்சைத் துணி விரித்து இரண்டை வைத்தார். இவரிடம்தான் பேசினார், என் பக்கம் திரும்பவே இல்லை. முதலாவது, சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர் விற்ற பெரிய ரிவால்வர். கோட்டுக்குள் வைத்துப் பார்த்தால் சுரைக்காய் திருடினவர் மாதிரி இருந்தார். அடுத்தது தட்டையான பிஸ்டல். இருக்கிற இடம் தெரியவில்லை. இவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் சுடுவதற்கு முன்னால் கட்டை விரலால் ஒரு சின்ன நெம்பைத் தள்ள வேண்டுமாம்.

சம்பள நாள் காலையில் பேங்க் வாசலில் நிற்கும்போது குளிரில் இவருக்குப் பேனா மூடியே கழற்ற வராது. நெம்பு வேறா? வேண்டாம் என்றேன். பெரியதில் பின்பக்கம் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த, குண்டை அடிக்கிற சுத்தியலைக் காட்டி, "ஏனுங்க, இது லைனிங்ல மாட்டிக்குமே" என்று கேட்டேன்.

அப்போதுதான் கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அம்மா தையல்காரங்களா?" என்றவர் உள்ளே போய் மூன்றாவது ஒன்றை எடுத்துவந்தார். குட்டைக் குழல் ரிவால்வர். சுத்தியல் உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கிறது. சிக்குவதற்கு ஒன்றுமில்லை, தள்ளுவதற்கும் ஒன்றுமில்லை. அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கூட. எடுத்து வைக்கச் சொன்னோம். துரை சம்மதம் சொன்னதும் வாங்கலாம், பணம் எஸ்டேட்டுடையது.

பஸ் செலவு மட்டும் எங்களுடையது. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? அரிசி, விறகு, காணிக்கை, வைத்தியம். வைத்தியத்தில் எழுதினேன்.

ஆகஸ்ட் 16, புதன்

இவரைப் பழக்குகிறேன். என் பழைய தோல் கைப்பையை வெட்டி, தோளில் மாட்டி அக்குளுக்குக் கீழே தொங்குகிற மாதிரி உறை தைத்தேன். வேதாகமத்தில் என் பேர் கொண்ட அந்தப் பரிசுத்தவாட்டியும் ஊராருக்கு அங்கிகள் தைத்துக் கொடுத்தவள்தானே. இப்படி ஒன்று தைத்திருக்க மாட்டாள்.

உறைக்குள் தராசின் அரைக்கிலோ படிக்கல். நடக்கச் சொன்னேன், உட்காரச் சொன்னேன், ஜீப்பில் ஏறுகிற மாதிரி நாற்காலி மேல் ஏறச் சொன்னேன். இடது தோள் சரிந்தது. இரண்டு நாளில் நிமிர்ந்தது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஐயோ! யூனிஸ் அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். பக்கத்து வீடுதானே என்று படிக்கல்லோடு வந்துவிட்டார். எல்லோரும் முழங்காலிட்டோம். ஆமென் சொல்லும் நேரத்தில் தொம்மென்று சத்தம். கல் உருண்டுபோய் யூனிஸ் அக்காவின் காலடியில் நின்றது.

அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் ஹெர்பர்ட், காணிக்கைய நிறுத்துப் போடறயா?"

இவர் முகம் பீட்ரூட். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தேன். ஜெப நேரத்தில் சிரித்ததைக் கர்த்தர் மன்னிப்பாராக. வீட்டுக்கு வந்து உறைக்கு மேலே ஒரு வாரும் பொத்தானும் வைத்தேன்.

ஆகஸ்ட் 26, சனி

வாங்கியாயிற்று. படிக்கல் இருந்த இடத்தில் நிஜம். மேசைமேல் வைத்தார்.

இதற்கு எப்படி ஜெபிப்பது? நன்றாகச் சுடட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. கர்த்தாவே, இது ஒருமுறைகூடச் சுடாமல் துருப்பிடிக்கட்டும். அப்படித்தான் கேட்டேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கோவிலுக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டியில் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன். பாதிரி ஐயர் பிரசங்கம் நீளம்.

செப்டம்பர் 9, சனி

பத்தாம் தேதி ஞாயிறு வருவதால் இன்றே சம்பளம். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது மேசையில்.

இவர் வந்தார், கோட்டைக் கழற்றினார், சாப்பிடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார்.

கையெழுத்துத் தெரியாதவர்களை இவர் தாங்களாகக் கைநாட்டு வைக்க விடமாட்டார், தீற்றிவிடும் என்று. மேசைக்கு மேல் குனிந்து, ஒவ்வொருவர் பெருவிரலையும் தானே பிடித்து மையில் உருட்டி, பதிவேட்டில் உருட்டி, பிறகு துணியால் துடைத்தும் விடுவார். இன்றைக்குச் சின்னம்மையின் விரலைப் பிடித்துக் குனிந்தபோது கோட்டு திறந்துகொண்டது. அந்தப் பெண் உறையைப் பார்த்துவிட்டாள், பிடியையும் பார்த்துவிட்டாள்.

சின்னம்மை இந்த ஜனவரியில்தான் சிலோனிலிருந்து வந்தவள். கப்பல், மண்டபம் கேம்ப், இங்கே. போன வருஷம் அங்கே கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் கொளுத்தும்போது துப்பாக்கிக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்களாம். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கிளாக்கரய்யா, இது எங்களுக்காங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். அவளும் அவளுக்குப் பின்னால் நின்ற சிலோன் குடும்பங்கள் எல்லோரும் சம்பளம் வாங்காமல் போய்விட்டார்கள்.

நடக்க வைத்தேன், உட்கார வைத்தேன், நாற்காலிமேல் ஏற்றினேன். விரலை மறந்துவிட்டேனே! மாதாமாதம் அந்த மைத்துணியைத் துவைக்கிறவளே நான்தானே. எப்படி மறந்தேன்? என்ன அளவெடுத்தேன் நான்?

செப்டம்பர் 10, ஞாயிறு

ராப்போஜன ஆராதனை. இவர் அப்பம் வாங்க முன்னே போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நானும் போகவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

பிடிவாதம் பிடித்தால் பட்டினி கிடந்து தானாக வருவார்கள் என்று துரை சொன்னாராம். இவர் கேட்கவில்லை. பதிவேட்டையும் மைப்பெட்டியையும் சம்பளக் கவர்களையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கிளம்பினார். கோட்டு போடவில்லை, குளிரில் வெறும் சட்டை. நானும் கூடப் போனேன்.

சின்னம்மை பால் விடாத பிளேன்டீ கொடுத்தாள், கடித்துக்கொள்ளக் கையில் ஒரு வெல்லத்துண்டும். அவள் புருஷன் காத்தமுத்து வாசலில் குந்தியிருந்தார். முதலில் இவர்தான் சொன்னார், அது உங்களுக்கில்லை, வழியில் மறிக்கிறவனுக்கு என்று.

"அது எங்க காசுதானுங்களே?" என்றாள் சின்னம்மை.

"உங்க காசுதாம்மா."

"எங்க காசுக்கு நீங்க ஒத்தையா எதுக்கு சாகணும்? எங்களக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

இவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். இத்தனை பேர் படித்து, லைசென்ஸ் வாங்கி, கோயம்புத்தூர் போய்… இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காத்தமுத்து ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

கிளம்பும்போது சின்னம்மை தானாகவே பெருவிரலை நீட்டினாள். இவர் பதிவேட்டைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்ததில், கைநாட்டு கொஞ்சம் தீற்றிவிட்டது. பதினான்கு வருஷத்தில் முதல் தீற்றல். திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 14, வியாழன்

இவர் துரையிடம் பேசிவிட்டார். இவர்! பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கச் சொல்கிறாயா, நாளைக்கு மறிக்கிறவனே அவர்களில் ஒருவனாக இருந்தால் என்ன செய்வாய் என்று துரை கேட்டிருக்கிறார். இவர் ஆபீஸ் பணப்பெட்டகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அவர்களை அப்படி நினைத்துக்கொண்டு என் கையால் சம்பளம் கொடுக்க முடியாது, கொட்டகைக்கே போகிறேன் என்றாராம்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

சாயந்திரம் பியூன் சாவியைத் திரும்பக் கொண்டுவந்தார். கூடவே துரையின் வாய்மொழி: ஒரு மாதம் பார்க்கலாம்.

அக்டோபர் 10, செவ்வாய்

காலையிலிருந்து உபவாசம். ஒரு மாதம் பார்க்கலாம் என்றால், இன்றைக்கு ஒன்று நடந்தால் எல்லாப் பழியும் அவர்கள் தலையில்தானே?

மூன்று மணிக்கு ஜீப் சத்தம். அதற்கு முன்னால் பாட்டுச் சத்தம். காத்தமுத்துவும் இன்னும் நான்கு பேரும் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியோடு பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு. இவர் உட்கார இடமில்லாமல் காத்தமுத்துவின் மடியில், பணப்பெட்டி இவர் மடியில். வளைவில் டயர் மாற்ற நின்ற ஒரு லாரிக்காரன் இவர்களைப் பார்த்ததும் ஜாக்கியைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டானாம், பாவம்.

துரை வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

உபவாசத்தை வெங்காய பஜ்ஜியோடு முடித்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

இந்த மாதமும் ஜீப் நிறைய ஆள். துரை கேட்காமலே டீசல் கூடுதலாக எழுதிக்கொடுத்திருக்கிறார்.

துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி ஒரு வாரம் ஆகிறது. அங்கே சுவரில் ஈரம் ஊறி ஒழுகுகிறது என்றார். எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

உறை மட்டும் இன்னும் தோளில். இனி என்னத்துக்கு என்று கழற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டார். உள்ளே மைப்பெட்டி. குளிரில் மை உறைந்துபோகிறதாம், அக்குள் சூட்டில் இளகி இருக்கிறதாம்.

கோட்டின் இடது பக்கம் உள் லைனிங் முழுக்க ஊதாக் கறை. துவைத்தேன். போகவில்லை.