மூன்றாம் நாள் எடுக்க வேண்டிய மருந்து

டீச்சர்,

கையை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவியாயிற்று. கிராம்புத் தைல வாசனை போகவில்லை. இருபது வருஷமாக இந்த விரல்களில் குடியிருக்கும் வாசனைதான். நான் பிசைந்து வைத்த சோற்றை என் குழந்தைகள்கூடத் தொடமாட்டார்கள். இன்று மட்டும் அது உறுத்துவதற்குக் காரணம் உண்டு. காலையில் லஸ் கிளினிக்கில் எங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது உங்கள் தங்கை. இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். உங்களுக்கு வந்த அதே இடம்.

டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் கண்ணாடிப் பலகையைத் துடைத்து, துத்தநாகப் பொடி கொட்டி, கிராம்புத் தைலம் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தேன். பிறகு மேல்தட்டில் பூட்டி வைத்திருக்கும் சின்ன ஜாடியைத் திறந்தேன். குண்டூசித் தலையளவு சாம்பல் நிறப் பசை. அதற்கு மேல் ஒரு துளி ஆகாது. அதைச் சொத்தைக்குள் நரம்பின் மேல் வைத்து, வெள்ளைப் பசையால் மூடிவிட வேண்டும். மறுநாள் வலி நின்றுவிடும். மூன்றாம் நாள் மூடியைத் திறந்து மருந்தை எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் அது ஈறுக்குக் கசியும், ஈறிலிருந்து எலும்புக்குப் போகும்.

ஏனென்றால் அது பாஷாணம், டீச்சர். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் கிளினிக்கின் வழக்கம். "பாஷாணம்னு சொன்னா எவன்யா வாயைத் திறப்பான்? நரம்பு தூங்க மருந்துன்னு சொல்லு, போதும்" என்பார் டாக்டர். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யுத்த காலத்தில், ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தீர்கள். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, தபசுகாலம் முடியட்டும் என்று பொறுத்திருந்ததாகச் சொன்னீர்கள். நாற்பது நாள் பல்வலியை ஆண்டவருக்குக் காணிக்கையாக்கிய ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மருந்து வைத்ததும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று நோட்டில் உங்கள் பெயரை எழுதினேன். வலி நின்றாலும் வரவேண்டும் என்று அழுத்திச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். கேட்டால் பாஷாணம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று வியாழக்கிழமையே ஊர் கலங்கிவிட்டது. வேலை இல்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. டாக்டர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ரயிலேறினார். மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. நான் என் மனைவியையும் குழந்தைகளையும் அரக்கோணத்துக்கு அனுப்பிவிட்டு, காலிக் கிளினிக்கைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த புதன்கிழமைதான் உங்கள் வீட்டைத் தேடி சாந்தோமுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. பக்கத்து மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளைதான் நீங்கள் செங்கல்பட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருப்பதைச் சொன்னார். குறடு, கொக்கி எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, ரயில் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி வந்து சேர்ந்தேன். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். வலியே இல்லை, ஈஸ்டர் பிரசாதம் மாதிரி மறுநாளே நின்றுவிட்டது, அதனால்தான் வரவில்லை என்றீர்கள். வாயைத் திறக்கச் சொன்னேன். பல்லைச் சுற்றி ஈறு சாம்பல் பூத்திருந்தது. தொட்டேன், உங்களுக்கு உறைக்கவில்லை.

டாக்டர் செய்யும் வேலையை அன்று நான் செய்தேன். மூடியைப் பெயர்த்து, மருந்தை எடுத்து, கழுவி முடித்தபோது நீங்கள் கேட்டீர்கள், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. தாடை போயிருக்கும் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஊரே தன் தன் உயிரைத் தூக்கிக்கிட்டு ஓடுது. நீங்க ஒருத்தர்தான் எனக்காக ரயிலேறி வந்திருக்கீங்க, கம்பவுண்டர்."

நான் குறட்டையும் கொக்கியையும் மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

ஊர் திரும்பிய பிறகு ஐந்து மாதம் சனிக்கிழமைதோறும் வந்தீர்கள். மஞ்சள் அயோடோபாரம் பசையில் நனைத்த துணியைப் புண்ணுக்குள் அடைப்பேன். அந்த நாற்றத்தில் டிராமில் உங்கள் பக்கத்து இடம் எப்போதும் காலிதான் என்று சிரித்தீர்கள். கன்னம் கல்லாகிப்போன வாரங்களில் வெண்களிமண் பசையை வெந்நீரில் சூடாக்கிப் பற்றுப் போட்டேன். சீழ் வடிந்து உதட்டோரம் வெந்தபோது துத்தநாகப் பசை தடவினேன். எனக்குத் தெரிந்த பசையெல்லாம் அந்த ஒரு முகத்தில் பூசியாயிற்று. கடைசியில் அரிசியளவு எலும்புத் துண்டு தானாக வெளியே வந்தது. கூடவே மூன்று பற்கள். அதற்கப்புறம் பேசும்போது உங்கள் பல்லிடுக்கில் காற்று கசிந்தது. பாடற்குழுவில் முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தவர், பின்வரிசையில் உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தீர்கள். அதையும் நீங்கள் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டைப் புரட்டினேன். உங்கள் பெயருக்கு எதிரே வந்ததற்கான குறி இல்லை. பார்த்தேன், டீச்சர். மறக்கவில்லை. லஸ்ஸிலிருந்து உங்கள் வீட்டுக்கு அரை மணி நடை. களைப்பாக இருந்தது, வீட்டில் மூட்டை கட்ட வேண்டியிருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் வாசலில் நின்று உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே யாராவது எடுத்துவிடுவார்கள் என்று நோட்டை மூடிவிட்டேன். புதன்கிழமை கோயில்பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னா நைனா, இப்ப வந்து கேக்கற? சனிக்கெழம காலைலதான் பூட்டிக்கினு போனாங்க. வெள்ளிக்கெழம முச்சூடும் வூட்லதான் இருந்தாங்க."

நீங்கள் காய்ச்சலில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றேன். உங்கள் வீட்டார் என்னை முன்னால் கூப்பிட்டார்கள். போகக் கால் வரவில்லை.

இன்று உங்கள் தங்கைக்கு மருந்து வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன். "இது பாஷாணம்மா. வலி நின்னுடும். நின்னாலும் வெள்ளிக்கிழமை வந்தே ஆகணும்." டாக்டர் என்னை முறைத்தார். முறைக்கட்டும். உங்கள் தங்கை பயப்படவில்லை. வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"ஜெபமாலை முடிஞ்சதும் உங்க பேரைச் சொல்லி மாதாகிட்ட ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுவோம் சார், செங்கல்பட்டுலேர்ந்து வந்த நாள்லேர்ந்து. நான் போனாலும் அதை விட்டுடாதீங்கன்னு அக்கா சொல்லிட்டுப் போச்சு."

ஏழு வருஷம். தினமும். நான் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு காபி குடிக்கிற அதே நேரத்தில், எனக்காக ஒரு வீடு முழங்கால் போட்டிருக்கிறது. இதைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை, டீச்சர். திட்டியிருந்தால் எப்படியாவது சுமந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் தங்கை வராவிட்டால் நானே போய் அழைத்து வருவேன். வந்து மருந்தை எடுத்தாயிற்று என்றாலும், சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு சாந்தோமுக்கு நடப்பேன். ஜெபமாலை தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு வாசலில் நிற்கிறேன். அதற்குப் பிறகு என் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

அரை மணி நடைதான்.