அக்கா உடுத்திய துணிகள்

மார்ச் 4, செவ்வாய்

கிளினிக்கில் இன்று கூட்டமான கூட்டம். பதிவு மேசையில் பேர் எழுதி எழுதிக் கை கடுத்துவிட்டது. அதே கையோடு தையல் வகுப்புக்கும் போய்ச் சேர்ந்தேன். கொழுப்புதானே!

அக்கா போய் ஐந்து மாதம். அவள் துணிகள் என் அலமாரியில், அவள் மகள் என் வீட்டில். அத்தானுக்குக் கப்பல் வேலை, பாதி வருஷம் கடலில். எட்டு வயதுப் பிள்ளை, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தத் துணிகளிலேயே ஒரு போர்வை தைத்துக் கொடுத்தால் வாய் திறப்பாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

கிரேசி குயில்ட் என்று பெயராம். ஒன்றுக்கொன்று பொருந்தாத துண்டுகளைக் கோணல்மாணலாக இணைத்து, இணைப்பின் மேலெல்லாம் எம்பிராய்டரி போடவேண்டும். “நேரா வெட்டுனா வகுப்பை விட்டே அனுப்பிடுவேன்” என்றார் ஆசிரியை. என் கைக்கு நேராக வந்தால்தானே! முதல் பாடம்: எல்லாத் துணியையும் துவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சாயம் இறங்கும். ஒன்று சுருங்கி மற்றதை இழுக்கும்.

மார்ச் 8, சனி

மொத்தத்தையும் துவைத்தாயிற்று. கொடியில் இடம் போதவில்லை. அக்காவின் நைட்டிக் கழுத்தில் இருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துத் தேய்த்தே போக்கிவிட்டேன். பெருமையாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஐயோ, என்ன காரியம் செய்து வைத்தேன்.

குழந்தை அலமாரியைத் திறந்து நைட்டியை எடுத்து முகத்தில் வைத்தாள். கீழே போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை. “எல்லாத்துலயும் சோப்பு வாசம்தான் வருது. அம்மா வாசம் எங்க சித்தி?”

நான் குளிக்கப் போகும்போதெல்லாம் திறந்து மோந்து பார்ப்பாளாம். தினமும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. அடி புத்தி கெட்டவளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? தேச்சுத் தேச்சு வேற துவைச்சியே!

மார்ச் 10

பேசவில்லை.

மார்ச் 13

பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுகிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

ஆசிரியையிடம் சொன்னேன். வகுப்பையே அதட்டுகிற மனுஷி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். “யாரோட துணின்னு நான் கேட்டிருக்கணும்மா.”

நைட்டியை வெட்ட மனம் இல்லை. நீலச் சட்டையிலிருந்து ஐந்து மூலைத் துண்டு ஒன்று வெட்டி அடித்துணியின் நடுவில் வைத்தேன். மற்றவை அதைச் சுற்றி வளர வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

ஏழு துண்டுகள். இறகுத் தையல் பழகுகிறேன். கோழி கிளறினது போல இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் குரல்: “அந்த நீலம், அம்மா நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போறப்போ போடுறது.”

மூன்று வாரத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. நான் திரும்புவதற்குள் போய்விட்டாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு மூலை மட்டும் பாக்கி. என்ன வைப்பது என்று துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் தன் மஞ்சள் கவுனோடு வந்து நின்றாள்.

“அம்மா கடைசியா வாங்கித் தந்தது. இப்ப ஜிப் ஏற மாட்டேங்குது.”

வளர்ந்திருக்கிறாள். அதைப் பார்க்க அக்காதான் இல்லை.

“துவைக்காதீங்க. சாயம் போனா போகட்டும்.”

“சரிடா.”

“நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க வெட்டுங்க.”

கத்தரிக்கோலைத் துணியில் வைத்தேன்.

“வெட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்ல கண்ணு.”

“சீக்கிரம் சித்தி. மனசு மாறிடும்.”

வெட்டினேன்.