நல்லகாமனுக்குப் பெண் பார்த்தது

ஒத்தக்கடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரோகிணிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். போனிலும் இதையேதான் சொல்கிறேன், நீயும் நம்பாமல்தான் கேட்டுக்கொள்கிறாய் என்று தெரியும், இந்தத் தடவை நம்பு. பின்லாந்தில் இப்போது வெயிலே எட்டிப்பார்க்காத காலம் என்றாயே, அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க நம் சாமி துணையிருக்கட்டும். அடுத்த தெரு சூர்யபிரகாஷ் புதன்கிழமை விமானம் ஏறுகிறான், அவனிடம் பருப்புப் பொடியும் வெங்காய வடகமும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரும். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன்னிடம் போனில் சொல்லக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஆமாம், 'சொல்லிவிட்டார்' என்றுதான் எழுதியிருக்கிறேன், இன்னொரு முறை படித்துப் பார்.

தை மாதம் வாதம் வந்து அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போனதும், நீ ஓடி வந்து பக்கத்தில் இருந்ததும் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ திரும்பிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற சரண்யாதேவி நல்ல பெண், பொறுமைசாலி. வீட்டு ஆட்களின் போட்டோவைக் காட்டிக் காட்டிப் பெயர் சொல்ல வையுங்கள் என்றாள். ஒருநாள் உன் சித்தப்பா சுருளி கல்லுப்பட்டியிலிருந்து தேங்காய் கொண்டுவந்தார், எதிரிலேயே ஆள் இருக்கிறாரே என்று அவரைக் காட்டி இது யார் என்று கேட்டேன். அப்பா வாயைக் கோணிக்கோணி, கடைசியில் 'சாவி' என்றார். சித்தப்பா சூதுவாது இல்லாமல், நான் சாவின்னா எந்தப் பூட்டுக்குண்ணே என்று சிரித்துவிட்டார். அவ்வளவுதான். அப்பாவுக்குக் கண் நிறைந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சைகைதான். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இவர் தக்காளி ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள், அந்த மனிதர் சொந்தத் தம்பி பெயரைத் தப்பாகச் சொல்வதற்குப் பேசாமலே இருந்துவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டார். நானும் சரண்யாதேவியும் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் நீ கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு எழுதுகிற அந்த ராஜ்ஜியத்துக் கதையைச் சொல்லி, அம்மா, இந்த வம்சத்துக்கு முறை பார்த்துச் சொல்லு, இங்கே ஆபீஸில் எல்லோரையும் கசின் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள், எனக்கே குழம்புகிறது என்றாய். எனக்கு அந்தக் கதை பிடித்துப்போனது, நீ சொல்லி அனுப்பியதை அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் போட்டு இரண்டு மூன்று தரம் கேட்டேன். புயலை மூங்கில் குழாய்க்குள் அடைத்து, காற்றின் மகளைக் கட்டிக்கொண்ட பேயாண்டி, அவனுடைய மகள் சின்னத்தாய், அவள் பிறந்ததும் தொட்டில் தானாக ஆடியது. சின்னத்தாய்க்கு இரண்டு ஆண்பிள்ளைகள், மூத்தவன் காளை மூச்சு விட்டால் கப்பல் நகரும், இளையவன் நல்லகாமன் சிரித்தால் அந்த நாட்டில் மழை பெய்யும். காளையின் மகள் ஜெயக்கொடி பருந்தின் மேல் ஏறி ஊர்வலம் போகிறாள். நம் ஊர்ப் பெயர்களாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாய், சமையல் பண்ணும்போதெல்லாம் இவர்கள்தான் என் நினைப்பில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நல்லகாமனுக்குப் பெண் பார்த்துக் கொடு என்று கேட்டாய் அல்லவா, ஒரு மத்தியானம் மொச்சை உரித்துக்கொண்டே உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட உட்கார்ந்தேன். காளையைச் சின்னத்தாயின் தம்பி என்று மனதில் தப்பாக வாங்கிக்கொண்டு, நல்லகாமனுக்கு வெளியே ஏன் அலையணும், காளை மகள் ஜெயக்கொடியையே கட்டி வைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், கட்டிலிலிருந்து ஒரு சத்தம். "அண்ணன் மகடி! மக முறைடி! மக முறை!"

மொச்சை அத்தனையும் தரையில் கொட்டிப் போச்சு. அப்பா எழுந்து உட்கார்ந்து என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார். பேச்சு வந்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை, கோபம்தான். கூடப்பிறந்த அண்ணன் மகளைத் தம்பிக்குக் கட்டி வைக்கப் பார்த்தாளே பாவி என்று. நான் அழுதுகொண்டே, ஆமாங்க, தப்புத்தாங்க, மக முறைதாங்க என்கிறேன். அவர் தலையில் அடித்துக்கொள்கிறார், அதுவும் இடது கையால். அந்த மெசேஜை நான் உனக்கு அனுப்பவில்லை, இன்னும் என் போனில் இருக்கிறது, தினமும் ஒருதரம் போட்டுக் கேட்கிறேன்.

மறுநாளிலிருந்து நான் வேண்டுமென்றே தப்புச் சொல்ல ஆரம்பித்தேன். சின்னத்தாயைப் பேயாண்டியின் பெண்டாட்டி என்பேன், காளையை ஜெயக்கொடியின் தாத்தா என்பேன், அவர் பொறுக்கமாட்டாமல் திருத்துவார். அவருக்கும் வார்த்தை தடுமாறத்தான் செய்யும், ஒருநாள் காளையைச் 'சேவல்' என்றுவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நம் வீட்டு ஆட்களின் பெயர் தப்பினால் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது, இந்தக் காற்று வம்சத்து ஆட்கள் யாரும் வீடு தேடி வந்து வருத்தப்படப் போவதில்லை. சரண்யாதேவியிடம் சொன்னேன், அவளும் போட்டோவை எல்லாம் பைக்குள் வைத்துவிட்டு, பேயாண்டி மகள் பேர் என்னங்கய்யா என்று ஆரம்பித்துவிட்டாள். இப்போது அவளே பயிற்சி முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்து கதை கேட்கிறாள்.

பெண் பார்க்கிற பொறுப்பை அப்பா தானே எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் யோசித்து, சின்னத்தாய்க்கு ஒரு தம்பி இருந்தான், உனக்குத் தெரியாது என்றார். சின்ன வயதில் ஏரிக்குள் முங்கினவன் அங்கேயே அரண்மனை கட்டிக்கொண்டு தங்கிவிட்டானாம், அவனுக்கு ஒரு மகள், தண்ணீருக்குள் விளக்கேற்றத் தெரிந்தவளாம். மாமன் மகள், கட்டுகிற முறை, நல்லகாமனுக்கு அவள்தான் என்று முடித்துவிட்டார். இதைச் சொல்ல ஒரு வாரம் ஆனது, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. மாமன் பேர் என்னங்க என்றேன். கொஞ்ச நேரம் வாயை மென்றார். "சு... சுரு... சுருளி" என்றார். நான் எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சித்தப்பா வந்தார். முன்போல அண்ணன் முகத்தைப் பார்க்கத் தயங்கிக்கொண்டு சாக்கை இறக்கப் போனவரை அப்பா பார்த்து, "வாடா சுருளி" என்றார். மனிதர் தேங்காய்ச் சாக்கைப் போட்டுவிட்டு அப்பா காலடியில் உட்கார்ந்து பச்சைப்பிள்ளை மாதிரி அழுதார். அழுது முடித்த பிறகு முழுக் கதையையும் கேட்டார். தண்ணிக்குள்ள இருக்கிற மாமன் நான்தானா, எம்மகளுக்கு இம்புட்டுப் பெரிய இடத்துல மாப்ள பாத்திருக்கியேண்ணே, சீருக்கு நான் எங்க போவேன் என்று அவர் கேட்க, அப்பா சிரித்த சிரிப்பில் எனக்கு வெளியே மழை வருகிறதா என்று பார்க்கத் தோன்றியது. வரவில்லை, இங்கே வெயில்தான் அடிக்கிறது.

உன் பெயர்தான் இன்னும் முழுசாக வரவில்லை, நடுவில் ஒரு எழுத்து விழுந்துவிடுகிறது. சரியாக வந்ததும் தானே போன் போட்டுக் கூப்பிடுவதாகப் பிடிவாதம், அதனால்தான் உன்னிடம் மூச்சுக் காட்டவில்லை. ஆனால் நேற்று நீ அனுப்பிய செய்தியைக் கேட்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த பாகத்தில் பெரிய போர் வருகிறது, காற்று வம்சம் அதோடு முடிகிறது என்று ஆபீஸில் பேசுகிறார்கள் என்றாயே, அதை அப்பாவும் கேட்டுவிட்டார். ராத்திரி இட்லியைத் தொடவில்லை. நீ உன் மேலதிகாரிகளிடம் எடுத்துப் பேசு, ஏரிக்குள் ஒரு கிளை இருக்கிற விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்பை ஊன்றிப் பின்னால் வந்து நிற்கிறார். யாருக்கு என்கிறார். மாட்டிக்கொண்டேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுது என்கிறார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், திருத்தவில்லை:

"ரோணி. கொல்லாத. ஒருத்தரையும்... கொல்லாதத்தா. நாளைக்கு நான்... யாரு பேரச் சொல்ல?"

காதை மூடித் துணி கட்டாமல் வெளியே போகாதே. பருப்புப் பொடியை ஈரக் கையால் எடுக்காதே. நீயும் உன் வேலையும் செழித்து நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

அப்பா ஜெயபாண்டி சொல்ல,
உன் அம்மா தமிழ்ச்செல்வி.