ஏழு மணி அழைப்பு

அன்புள்ள லோர்னா,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இந்தத் துறைமுக ஊர்ப் பள்ளியில் இன்னும் ஆறு வார வேலைதான், பிறகு நம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இங்கே தனியாக வாழும் முதியவர்கள் எட்டுப் பேர் காலையில் சங்கிலியாகப் போன் செய்துகொள்கிறோம். பிள்ளைகள் கை கோத்து நிற்பதுபோல. ஒரு கை விட்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஏழு மணிக்கு பெரில் என்னைக் கூப்பிடுவாள், நான் வில்ஃபைக் கூப்பிடுவேன். யாராவது எடுக்காவிட்டால், அவர் வீட்டுச் சாவியை வைத்திருப்பவர் ஓடுவார். அறுபத்தெட்டு வயதுதானே என்று நான் மட்டும் சாவி கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, கணுக்கால் சுளுக்குதான். ஜன்னலில் மூடுபனி வெள்ளையாக நின்றது. அலைச் சத்தத்துக்கு நடுவே, கடலுக்கடியில் இருந்து வருவதுபோல் போன் மணி கேட்டது. அரை மயக்கத்தில், நீதான் கூப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

பிறகு ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் கேட்டது.

"தூக்குய்யா வில்ஃப், ஒரு கிழவியைத் தூக்க முடியலையா?"

"நீ கேக் திங்கிறதைக் குறைச்சா முடியும்."

ஜன்னல் வழியாக இறங்கிய பெரில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முதல்ல இந்தத் துண்டைக் கட்டுங்க வாத்தியாரே. சாவி பத்தி அப்புறம் பேசலாம்."

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நீ செய்த ஆரஞ்சு ஜாமும் ஒரு பாட்டில்.

லோர்னா, நீயும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாய். தரையில் கிடந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு டல்சியிடம் இன்றே ஒரு சாவி கொடுத்துவை. இனிமேல் வில்ஃபோடு பேசியதும் தினமும் உன்னைக் கூப்பிடுவேன். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் எடு.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன்
டெஸ்மண்ட்