முதலாளிக்கு அனுமதி இல்லை

அக்டோபர் 6, திங்கள்

சாந்தன்பாறையில் விடியற்காலையிலிருந்தே மழை. நேற்று மாதா கோவில் பாட்டுக்குழுவில் கத்தியதில் தொண்டை வேறு கட்டிவிட்டது. அதைச் சாக்காக வைத்து லீவு போட்டிருக்கலாம்.

எங்கள் ஏலக்காய் கம்பெனியின் விவரமெல்லாம் கிளவுடில் இருக்கிறது. அதைப் பூட்டிக் காப்பது என் வேலை. நேற்று யாரோ அதை ஊருக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். யாருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று போடி ஏலச் சந்தை வியாபாரிகள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். யார் எதை மாற்றினாலும் லாக் என்ற பதிவேட்டில் பெயரோடு விழும். பார்த்தால் – டின்சி. என் பெயர்!

முதலாளி இன்னாசிராஜ் சார் சத்தம் போடவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் சொல்லும்மா. இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

வேலை போனால் எர்ணாகுளத்தில் வேறு வேலை தேடி, மறுபடி ஹாஸ்டல்தான். அந்தச் சாம்பார் – ஐயோ, முடியாது.

அக்டோபர் 8, புதன்

நான் இல்லவே இல்லை! திறந்தது ஞாயிறு பூசையில், சாமியார் பிரசங்கம் வைத்த நேரம். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

இன்னும் தோண்டினேன். திறந்தது ஐபோனிலிருந்து. ஆபீசில் ஐபோன் ஒருவரிடம்தான் இருக்கிறது, கத்தாரிலிருந்து முதலாளிக்கு மகன் அனுப்பியது. இங்கே எந்த ஏலக்காய் ஸ்டோருக்கும் இன்னொரு சாவி முதலாளி அறை ஆணியில் தொங்கும். நான் சேர்ந்த அன்றே என் பாஸ்வேர்டையும் அப்படித்தான் வாங்கி வைத்தார்.

இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் நான்தானே களவாணி?

கணக்கு பார்க்கும் ஜோபி அண்ணன், "மொதல்ல டீயக் குடி. அப்புறம் போய் சொல்லு பிள்ள" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

சொல்லிவிட்டேன். லாக்கைத் திறந்து சார் முன்னால் வைத்தேன்.

சார் லாக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாதாவே! போடிக்காரர் காய் போட்டோ கேட்டாரு. பிரசங்கம் நீண்டுகிட்டே போச்சா, 'எல்லாரும் பாக்கலாம்'னு இருந்தத அமுக்கிட்டேன். போட்டோ மட்டும் தொறக்கும்னுல்லா நெனச்சேன்."

ஆபீசையே கூப்பிட்டு, "தப்பு என்னுது. இந்தப் பிள்ள மேல பழி போட்டது அதவிடப் பெரிய தப்பு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாஸ்வேர்டை மாற்றினேன். இனி ஆணியில் தொங்காது. சாருக்குத் தனி லாகின் – பார்க்க மட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்றைய லாக்: இன்னாசிராஜ் – அனுமதி இல்லை. இன்னாசிராஜ் – அனுமதி இல்லை. மறுபடியும் இன்னாசிராஜ். எல்லாம் அதே பிரசங்க நேரம். விழுந்து விழுந்து சிரித்தேன்.

பத்து மணிக்கு சார் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். "ஏம்மா டின்சி, அந்தக் காய் போட்டோவ மட்டும் கொஞ்சம் தொறந்து விடுறியா?"

காரணம் எழுதித் தரச் சொன்னேன். என் பேனாவையே வாங்கி, நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.